முப்பது விநாடிக்கு மேல் ஆடக் கூடாது

முதலில் உங்கள் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் கவனியுங்கள், ஐயா. நான் இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து அதன் ஃபேன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தட்டும் எழுத்து திரையில் விழ நேரமாகிறது என்று நினைக்கிறேன். பின்னால் ஏதாவது செய்திப் பக்கம் திறந்து கிடக்கும், பாருங்கள். அதன் ஓரத்தில் ஒரு கார் ஓடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஒரு சென்ட் பாட்டில் சுழன்றுகொண்டிருக்கும். மூடிவிடுங்கள். மூடியாயிற்றா? இப்போது அறையே அமைதியாகிவிட்டது. நான் சொல்வதும் இனி உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும்.

இதுதான் என் பிழைப்பு. அம்மான் நகரத்தில் பாதிப் பேர் பார்க்கும் பக்கங்களுக்கு ஆடுகிற விளம்பரங்களை அனுப்பும் நிறுவனத்தில் வேலை. வரைகிறவர்கள் சின்ன வயதுக்காரர்கள். அவர்கள் மேசையில் இருப்பவை குதிரை மாதிரி கம்ப்யூட்டர்கள். ரமலான் வந்தால் விளக்கு சுழல வேண்டும், அதிலிருந்து பொன் தூள் கொட்ட வேண்டும், பின்னால் பிறை மின்ன வேண்டும் என்பார்கள். ஸர்காவில் ஒரு விதவை தன் பழைய கம்ப்யூட்டரில் தண்ணீர்க் கட்டணம் கட்ட உட்கார்ந்திருப்பாள், இந்தப் பொன் தூள் அவளுடைய இயந்திரத்தை மூச்சுத் திணற வைக்கும் என்று அவர்களுக்குத் தோன்றாது. எனக்குத் தோன்றும். என்னை அதற்காகத்தான் வைத்திருந்தார்கள்.

தொழிலில் ஒரு விதி உண்டு. எந்த விளம்பரமும் முப்பது விநாடிக்கு மேல் ஆடக் கூடாது. அதற்குள் தன் கூத்தை முடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். இந்த விதியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று நான் ஒரு சின்ன நிரலும் எழுதினேன். ஒவ்வொரு விளம்பரத்துக்குள்ளும் அது ஒளிந்து போகும். பார்ப்பவரின் கம்ப்யூட்டர் திணறினால் அந்த நொடியே படத்தை நிறுத்திவிடும். ஆபீசில் அதற்கு என் பெயரையே வைத்து 'வாஸிஃபின் பிரேக்' என்பார்கள். உங்கள் மனைவியின் கம்ப்யூட்டரில்கூட அது இருந்திருக்கும். யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. நடக்காமல் போன தொல்லைக்கு யார் நன்றி சொல்வார்கள்?

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு வருவதெல்லாம் இதில்தான் தொங்குகிறது. பிரேக் இருந்தால் ஒரு விளம்பரத்தின் உண்மையான கனம் நமக்குத் தெரியாது. அதனால் சோதனைக்கென்று வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் பிரேக் கிடையாது, முப்பது விநாடி விதியும் கிடையாது. அவற்றுக்கு விலக்கு. விளம்பரம் அங்கே அவிழ்த்துவிட்ட காளையாக ஆடும். எங்களிடமிருந்த சோதனை லேப்டாப் ஆபீசிலேயே நோஞ்சான். அது தாங்கினால் ஊரே தாங்கும் என்பது கணக்கு. நான் திரையில் எண்களைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் விலாவில் காதை வைத்து ஃபேன் சத்தத்தைக் கேட்பேன். எந்த இடத்தில் சிரமம் தொடங்குகிறது என்று காதே சொல்லிவிடும். பசங்கள் கிண்டல் செய்வார்கள். "டாக்டர் வந்துட்டாரு, எல்லாரும் சட்டையத் தூக்குங்க" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு நிராகரிப்பேன்.

என் தங்கை ஹனாதியைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

நாங்கள் லுவைப்தே குன்றில் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். கல் வீடு. எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி. அம்மா போன பிறகு மூன்று பேர்: அப்பா, நான், ஹனாதி. அப்பா கீழே கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையை விற்றுப் பல காலமாகிவிட்டது, ஆனால் விற்றது அவருக்கு மறந்துவிட்டது. தினமும் காலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு கடை திறக்கக் கிளம்புவார். அவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி நனைத்த படுக்கையை மாற்றுவது, கடைக்கு இன்று விடுமுறை என்று நம்ப வைப்பது எல்லாம் ஹனாதி. சம்பாதிப்பது நான். நியாயமான பங்கீடு என்றுதான் எனக்குப் பட்டது. அவளும் மறுத்துப் பேசியதில்லை.

ஒரு நாள் அப்பா அவள் பையிலிருந்து வாசல் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டாக்சிக்காரர் ஒருவர் நடுச்சாலையிலிருந்து கூட்டிவந்து விட்டார். அதற்குப் பிறகு இரண்டு சாவியும் என்னிடம்தான் இருந்தன. நான் ஆபீஸ் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவேன். அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் போன் செய்வாள், வரும்போது வாங்கி வருவேன். ஒரு தடவைகூட மறந்ததில்லை. நீங்கள் இதை எழுதும்போது பூட்டி வைத்தான் என்று எழுதுவீர்கள். அப்பாவுக்காகப் பூட்டியது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஹனாதி மாதபாவில் படித்தவள். பழைய மொசைக் தரைகளைச் சீர்செய்வாள். பெயர்ந்த கல்லை, நகம் அளவுள்ள கல்லை, அதே நிறத்தில் தேடிப் பதிக்கிற வேலை. அம்மா படுத்தபோது அதை விட்டுவிட்டு வீட்டோடு வந்தாள். விட்டது விட்டதுதான் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் விட்டிருக்கவில்லை. போன வருடம் இத்தாலியில், ரவென்னாவில் ஒரு பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுதிப் போட்டாள். அவர்கள் வீடியோவில் பேசக் கூப்பிட்டார்கள். செய்த வேலைகளின் படங்களைத் திரையில் காட்ட வேண்டும் என்றார்கள். அவளிடம் கண்ணாடி உடைந்த போன் ஒன்றுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஆபீசுக்குப் புதுச் சோதனைக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பழைய லேப்டாப்பை நான் கேட்டேன், கொடுத்தார்கள். துடைத்து, ரிப்பன் கட்டி அவளிடம் கொடுத்தேன். அவள் என் தோளில் முத்தம் வைத்துவிட்டு, "கண்ணு பட்டுடும்" என்று அதன் மூடியில் ஒரு நீல மணியை ஒட்டினாள். நல்ல மனதோடு கொடுத்தது, ஐயா. அதை விலக்குப் பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். அன்றைக்கு அது மறதிதான். இந்த ஒரு வார்த்தையை நீங்கள் மாற்றாமல் போட வேண்டும்.

முதல் பேச்சு விருந்தினர் அறையில் நடந்தது. வீட்டில் நல்ல சோபா அங்கேதான், சுவரும் சுத்தம். அவள் இத்தாலிய அகராதிப் பக்கத்தைத் திரையின் பாதியில் திறந்து வைத்துக்கொண்டு பேசினாள். ஏதாவது சொல் வாயில் வராமல் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று. படங்களைக் காட்டத் தொடங்கியதும் எல்லாம் உறைந்துவிட்டது. அவள் வெளியே வந்தபோது சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அகராதியின் ஓரத்தில் ஒரு சென்ட் விளம்பரம், பிரேக் இல்லாமல், பூக்களைக் கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. பார்த்த உடனே புரிந்துவிட்டது. பட்டியலில் ஒரு வரியை அழித்தால் போதும். காலையில் ஆபீஸ் போய் அழித்துவிடுவோம் என்றுதான் படுத்தேன்.

காலையில் எழுந்தால் அப்பா படுக்கையை நனைத்திருந்தார். ஹனாதி விரிப்பை மாற்றிக்கொண்டே அவருக்குப் பிடித்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. காபி மேசையில் இருந்தது. நான் அந்த வாசலில் நின்று, இவள் இல்லாத வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். அந்தக் கம்பி ஜன்னல்களுக்குள் நானும் அப்பாவும் மட்டும். சாவி கையில் இருந்தும் எங்கும் போக முடியாத நான். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா.  ஆபீஸ் போனேன். வேலை நிறைய இருந்தது. அந்த வரியை அழிக்கவில்லை.

அழிக்காமல் விட்டது ஒரு செயல் ஆகுமா என்று உங்கள் சட்டம் என்ன சொல்கிறதோ எனக்குத் தெரியாது. நான் கை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ரவென்னாக்காரர்கள் நல்லவர்கள். ஓர்னெல்லா என்று ஒரு நரைத்த தலை அம்மாள் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் உறைந்தது. இதற்கிடையில் ஆபீசில் எனக்கு ஒரு பழைய சிக்கல் இருந்தது. நான் நிராகரிக்கும் விளம்பரங்களை, ஏன் நிராகரித்தேன் என்று வரைந்தவர்களுக்குக் காட்டுவதற்காக எங்காவது ஓடவிட வேண்டும். பொதுமக்கள் கண்ணில் படக் கூடாது. விலக்குப் பெற்ற ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் அனுப்ப முடியும். புதுக் கம்ப்யூட்டர்களில் திணறல் தெரியாது; அந்தப் பழைய லேப்டாப் பட்டியலில் இன்னும் இருந்தது, அதன் எண்கள் ஆபீசுக்கே வந்துவிடும், அதனால் அவற்றை அங்கேயே அனுப்பினேன். ஊரில் ஒருவருக்கும் போகக் கூடாதென்று நான் தடுத்த கனமெல்லாம் அகராதியின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது. இந்த ஏற்பாட்டால் எத்தனையோ வீடுகளில் கம்ப்யூட்டர்கள் நிம்மதியாக ஓடின. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவள் இயந்திரத்தைச் சந்தேகப்படவில்லை. நான் கொடுத்ததல்லவா? தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"வாஸிஃப், என் மூளைதான் மழுங்கிப் போச்சோ? நான் பேசுனா அவங்களுக்குப் பாதிதான் போகுது. அவங்க மூஞ்சி அப்படியே நிக்குது. நான் செவுத்துகிட்டப் பேசுற மாதிரி இருக்கு."

"நீ அசந்து போயிருக்க. கொஞ்சம் தூங்கு" என்றேன்.

"உன் ஆபீஸ் கம்ப்யூட்டர ஒரு மணி நேரம் தாயேன், கய்யா" என்று அண்ணனைக் கெஞ்சும் குரலில் கேட்டாள்.

அதை யாருக்கும் தரக் கூடாது என்று ஆபீசில் எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அது பொய் இல்லை. மாடியிலிருக்கும் பெண் விளம்பரத்தைத் தடுக்கிற ஏதோ ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்றாளாம். நாம் சாப்பிடுகிற ரொட்டியே விளம்பரத்தில்தான் வருகிறது, நம் வீட்டிலேயே அதைத் தடுத்தால் எப்படி என்று சிரித்தேன். ஹனாதியும் சிரித்துவிட்டாள். நன்றியுள்ள பெண். பிறகு அத்தையிடம் சொல்லி உப்புச் சுற்றிப் போட வைத்தாள்.

பனிக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் குளிர் காய ஒரே ஒரு கேஸ் அடுப்பு, அது அப்பா உட்காரும் அறையில். விருந்தினர் அறை ஐஸ் பெட்டி. அவள் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து, மடியில் கம்பளி, கம்பளி மேல் லேப்டாப், அதன் மேல் இன்னொரு போர்வை என்று குடில் மாதிரி போட்டுக்கொண்டு பயிற்சி செய்வாள். ஃபேன் காற்று போக வழியே இருக்காது. "எது செய்யுதோ இல்லையோ, கைய சூடா வச்சிக்குது" என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அந்த ஃபேனைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தொழில் பழக்கம், காதை மூடிக்கொள்ள முடியாது.

பேட்டரியைப் பற்றி உங்கள் நிபுணர் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியும். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஓயாமல் சூடானால் பழைய பேட்டரி உப்பும். லேப்டாப்பின் அடிப்பாகம் புடைத்து, மேசையில் வைத்தால் ஆடியது. அவள் அதைத் தூக்கி வந்து காட்டினாள்.

"பாரு, நொண்டுது."

எங்கள் ஆபீசில் அப்படி ஒன்று வந்தால் யாரும் ஒரு நிமிடம்கூட வைத்திருக்க மாட்டார்கள். பால்கனியில் மணல் வாளி ஒன்று வைத்திருக்கிறோம், அதில் புதைத்துவிட்டுத்தான் மறு வேலை. அந்த வாளியை வைக்கச் சொல்லி மேலிடத்தோடு சண்டை போட்டவன் நான். ஹனாதியிடம், அடியில் மெத்தென்று ஏதாவது வைத்துக்கொள், ஆடாது என்றேன். அவள் தலையணை வைத்துக்கொண்டாள்.

நான் விரும்பியது அந்த லேப்டாப் செத்துப் போக வேண்டும் என்பதுதான். தானாகச் செத்துப்போனால் யார் மேலும் பழி இல்லை. அவளும் சமாதானமாகி வீட்டோடு இருந்துவிடுவாள். மூன்று பேரும் பழையபடி இருப்போம். இதற்கு மேல் நான் எதுவும் ஆசைப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அவர்களுக்கு வேலை நாள், எனக்கு விடுமுறை. ஓர்னெல்லா அம்மாள் கடைசியாக ஒரு தடவை பேசுவோம் என்று சொல்லியிருந்தார். படங்களை மட்டும் குழுவினருக்குக் காட்டிவிட்டால் போதும், இடம் உனக்குத்தான் என்று ஏறக்குறையச் சொல்லிவிட்டாராம். தொழுகை முடிந்து நான் வந்தபோது ஹனாதி அம்மாவின் காதணியைப் போட்டுக்கொண்டு நின்றாள். பேச்சு அரை மணி நேரம் என்றாள். தன் போனை அணைத்து என்னிடம் கொடுத்தாள், அத்தையோ யாரோ நடுவில் கூப்பிட்டுத் தொலைப்பார்கள் என்று. அப்பா உள்ளே நுழைந்துவிடாமலிருக்க விருந்தினர் அறையை வெளியே தாழ்ப்பாள் போடச் சொன்னாள்.

"போட்டுடு. நான் முடிச்சிட்டுத் தட்டுறேன், தொறந்தா போதும்."

இதை அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை.

தாழ்ப்பாள் போட்டேன். அப்பாவின் பக்கத்தில் அடுப்பருகே உட்கார்ந்தேன். பிறகு என் போனை எடுத்து, அதுவரை நிராகரித்து வைத்திருந்த விளம்பரங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன். ரமலான் விளக்குகள், பட்டாசு, பொன் தூள், சுழலும் சோபா செட்டுகள், எல்லாம். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேன் ஏறத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் ஒரு இடம் உண்டு, அதைத் தாண்டினால் நான் எழுந்து போய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன், ஆபீசில். அந்த இடத்தை அது தாண்டியது. இன்னும் ஏறியது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

ரவென்னாவிலிருந்து உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், படம் உறைந்து நின்றது, அவள் சிரித்த முகமாக இருந்தாள், முன்பு நடந்தது போலத்தான் என்று காத்திருந்தோம் என்று. அவர்கள் மேல் குற்றமில்லை. எல்லோருமே காத்திருந்தோம்.

கதவைத் தட்டினாள். நான் கேட்டேனா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். கேட்டேன். பேச்சு அறுந்திருக்கும், மீதியை என் போனில் பேச வெளியே வருகிறாள் என்று நினைத்தேன். போனைக் கேட்டால் அவள் முகத்தைப் பார்த்து என்னால் மறுக்க முடியாது. எனக்கு இளகிய மனம். அரை மணி நேரம் கழிந்துவிட்டால் கேட்க மாட்டாள். அதனால் எழுந்திருக்கவில்லை.

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா எழுந்துகொண்டார்.

"விருந்தாளிங்கடா. கதவத் தொற."

"இருக்கட்டும் யாபா, நீங்க உக்காருங்க."

"வந்தவங்களத் தட்ட வுட்டுட்டு உக்காந்திருக்கியே. என்ன பழக்கம் இது?"

அவர் கதவுப் பக்கம் போனார். நான் தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைத்தேன். கம்பளியைக் கால் மேல் இழுத்து இரண்டு பக்கமும் செருகிவிட்டேன். கையை எடுத்தால் எழுந்துவிடுவார் என்று பிடித்தபடியே இருந்தேன்.  

வாடை அதற்குள் வந்துவிட்டது. கேஸ் அடுப்பின் வாடை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். நகப்பூச்சு மாதிரி இனிப்பாக ஒரு வாடை, அதன் பின்னாலேயே சோபா பஞ்சு கருகும் வாடை. முதல் வாடை பேட்டரியுடையது, எங்கே முகர்ந்தாலும் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த மணல் வாளியே.

முப்பது விநாடிக்கு மேல் எதுவும் ஆடக் கூடாது. எத்தனையோ வருடமாக நான் பார்த்திருக்கிறேன், எவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிற விளம்பரமும் தொடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். அவள் முப்பது விநாடிக்கு மேலேயே தட்டினாள். முதலில் மேலே, கை உயரத்தில். பிறகு கீழே, தரையோடு. பிறகு அதுவும் நின்றது.

"பாத்தீங்களா யாபா, போயிட்டாங்க" என்றேன்.

அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாய் காபிகூடக் குடுக்காம அனுப்பிட்டியே" என்றார்.

அது எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது நியாயம். அரை மணி நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. சமையலறைக்குப் போய்க் காபி வைத்தேன். பேசிக் களைத்து வருவாளே என்று மூன்று கோப்பை எடுத்தேன். வீட்டில் ஒரே வாடையாக இருந்ததால் ஏலக்காய் கொஞ்சம் கூடவே தட்டிப் போட்டேன்.